கல்லைத் துடைத்தல்

செக்காலை ரோட்டு லாட்ஜில் மூன்றாம் மாடி.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு வாளி.
நகைக்கடன் கம்பெனிக்கு மதிப்பீட்டாளர் ஒருவர் தேவை,
வந்திருந்தவர்கள் பதினொரு பேர்.
மேசைக்கு இந்தப் பக்கம் மூவர்.
கடைசி நாற்காலியில் நான், கிளை மேலாளர்,
காலையில் சிலிண்டர் தீர்ந்துபோன கோபம்
இன்னும் அடங்காமல்.

மண்டல அதிகாரி கோதண்டம் சார் சொன்னார்:
"உரசினால்தான் மேடம் தெரியும்.
மெத்தையில் வைத்தா தங்கம் பார்க்கிறோம்?"
சரிதான் என்று பட்டது.
கவுண்டரில் நடப்பது எனக்குத் தெரியாதா?
தாலிக்கொடியை மீட்க இன்னொரு மாதம் கேட்டு
அழுகிறவரிடம் ஏலத் தேதி சொல்ல வேண்டும்.
கவரிங்கை வைத்துவிட்டு
"என்னையா திருடன்கிறே" என்று
கண்ணாடியைக் குத்துகிறவன் எதிரில்
தராசு முள்ளைப் பார்க்க வேண்டும்.
நடுங்குகிற கையை இன்றைக்கே தெரிந்துகொள்வது
கொடுமை என்று எப்படிச் சொல்வது?

என்னையும் இப்படித்தான் எடுத்தார்கள்.
மதுரையில், பத்தொன்பது வருடம் முன்னால்.
"கல்யாணமானால் ஓடிப்போவாய்தானே?"
மாட்டேன் என்றேன். ஓடவில்லை.
அந்தப் பதிலை ரொம்ப நாள்
பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தேன்.
கேட்டது சரியா என்று
யோசித்ததே இல்லை.

ஆக, கேட்டோம்.
ஒருவனின் விண்ணப்பத்தைப் படிக்காமலே மூடினார் சார்.
புதுவயல்காரப் பையனிடம்
இரண்டு நிமிடம் யாரும் பேசவேயில்லை.
சுவர்ப் பல்லி நகர நகர
அவன் சட்டை நனைந்தது.
"நீ ஏன் இந்த வேலைக்கு லாயக்கில்லை?
மூன்று காரணம் சொல்."
சௌந்தரபாண்டி நான்கு சொன்னான்,
நான்கும் புகழ்ச்சி.
சார் சிரித்தார்.

ஏழாவதாக அடைக்கலமேரி, தேவகோட்டை.
"ஆறு வருடம் அடகுக்கடையில் என்ன கிழித்தாய்?"
"சீட்டுக் கிழிச்சேன் சார்."
கேலியில்லை. அதுதான் அவள் வேலை.
திமிர் என்று எழுதினார் சார்.
அடுத்த கேள்வியில் தண்ணீர் டம்ளர் சாய்ந்தது.
படபடப்பு என்று எழுதினேன் நான்.
மன உறுதி: பத்துக்கு இரண்டு.

கைக்குட்டையால் மேசையைத் துடைத்தாள்.
மாதிரிக்கு வைத்திருந்த வளையலை எடுத்து
அதன் ஈரத்தையும் ஒற்றினாள்.
திரும்ப வைக்கும்போது, யாரையும் பார்க்காமல்,
"பூட்டுப் பக்கம் பொடி ஜாஸ்தி மேடம்.
கழிவு போட்டுத்தான் எடுக்கணும்."
"நீங்கள் போகலாம்" என்றார் சார்.
மதிப்பெண் தாளில்
அதற்குக் கட்டம் இல்லை.

சௌந்தரபாண்டி சேர்ந்தான்.
குறை சொல்ல முடியாது.
கத்துகிறவர்களைச் சமாளிக்கிறான்,
சனிக்கிழமையும் சலிக்காமல் வருகிறான்.
ஒரே ஒரு முறை, முலாம் சங்கிலிக்கு
எண்பதாயிரம் கொடுத்துவிட்டான்.
ஏன் கொடுத்தேன் என்பதை
அவ்வளவு அழகாக விளக்கினான்.

அடைக்கலமேரியை எடுத்திருந்தால் நின்றிருப்பாளா,
முதல் சண்டையிலேயே பையைத் தூக்கியிருப்பாளா,
எனக்குத் தெரியாது.
அதைத் தெரிந்துகொள்ளத்தான்
கூப்பிட்டோம் என்பதுதான் உறுத்துகிறது.

கல்லில் உரசுகிறவர்களுக்கு ஒரு பழக்கம்.
அடுத்த நகைக்கு முன் கல்லைத் துடைத்துவிடுவார்கள்,
முந்தினதன் கீற்று இதன்மேல் ஏறக்கூடாது.
அழுத்தியும் தேய்ப்பதில்லை.
அழுத்தினால் மாற்றுக் கூடாது,
நகைதான் குறையும்.
அன்றைக்கு என்மேல் சிலிண்டர் இருந்தது,
புதுவயல் பையனின் வியர்வை இருந்தது,
மதுரையில் எனக்கே விழுந்த பழைய கோடு இருந்தது.
அதன்மேல்தான் அவளை இழுத்தோம்.

அந்த வளையல் என்னுடையது.
கல்யாணத்துக்கு அப்பா போட்டது,
இருபத்திரண்டு கேரட் என்று
இதுவரை யாரும் கேட்காமலே
நான் சொல்லிக்கொண்டிருப்பது.
கல் என் மேசையில்தான் இருக்கிறது,
பக்கத்தில் அமிலப் புட்டி.
கிளை மூடியபின் சில நாள்
கல்லை எடுத்துத் துடைக்கிறேன்.
துடைத்து
அப்படியே வைத்துவிடுகிறேன்.